கம்ப்யூட்டர் விளையாட்டில் ஆரோக்கியப் பாடம்

— இரண்டாம் ஆண்டு மாணவி, கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் பிரிவு



நம் ஊரில் 'விளையாட்டுப் புத்தி' என்றால் அது திட்டு. அதிலும் செல்போன், கம்ப்யூட்டர் விளையாட்டு என்றால் கேட்கவே வேண்டாம். கண் கெட்டுப்போகும், படிப்பு கெட்டுப்போகும் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். அதில் உண்மையும் இருக்கிறது. அளவு மீறி விளையாட்டுக்கு அடிமையாவதை ஒரு கோளாறாகவே உலக சுகாதார நிறுவனம் 2019 மே மாதத்தில் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பட்டியல் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கும் வந்துவிட்டது.

அப்படிப்பட்ட கம்ப்யூட்டர் விளையாட்டை வைத்தே பிள்ளைகளுக்கு ஆரோக்கியத்தைச் சொல்லித்தர முடியுமா? முடியும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. அது எப்படி முடிகிறது, எந்த இடத்தில் முடியாமல் போகிறது, நம் விருதுநகர் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு விளையாட்டு செய்வதென்றால் எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம். இதைச் செய்வதற்குப் பெரிய கம்பெனி வேண்டியதில்லை. நம் பாலிடெக்னிக் லேப் போதும் என்பதுதான் நான் சொல்ல வருவது.

திரி நீளமான ஆபத்து

முதலில் ஒரு கேள்வி. 'சாப்பிடும் முன் கை கழுவு', 'செருப்பு போட்டு நட', 'கீரை சாப்பிடு' என்று ஒன்றாம் வகுப்பிலிருந்து படிக்கிறோம். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்குகிறோம். அப்புறம் ஏன் செய்வதில்லை?

பட்டாசு வேலையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இது எளிதாகப் புரியும். பயர் ஆபீஸில் மருந்து அறைக்குள் இரும்புச் சாமான் கொண்டுபோகக் கூடாது, நைலான் துணி கூடாது, ஒரு அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்றெல்லாம் விதிகள் உண்டு. அங்கே வேலை பார்ப்பவர்களுக்கு இந்த விதிகள் ஏன் என்று யாரும் இரண்டாம் முறை விளக்க வேண்டியதில்லை. தப்பு நடந்தால் விளைவு அந்த விநாடியே கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

வயிற்றுப் பூச்சியும் ரத்தசோகையும் அப்படியில்லை. இன்று கை கழுவாமல் சாப்பிட்ட பிள்ளைக்கு இன்று ஒன்றும் ஆகாது. நாளைக்கும் ஒன்றும் ஆகாது. சில மாதம் கழித்து வகுப்பில் சோர்ந்து உட்கார்ந்திருக்கும். மைதானத்தில் ஒரு சுற்று ஓடினால் மூச்சு வாங்கும். டீச்சர் 'சோம்பேறி' என்பார். வீட்டில் 'படிப்பு ஏறலை' என்பார்கள். காரணம் ஓரிடம், விளைவு வேறிடம். சிவகாசிப் பேச்சில் சொன்னால், இந்த ஆபத்துக்குத் திரி நீளம். பற்றவைத்த கைக்கும் வெடிக்கும் இடத்துக்கும் சம்பந்தம் தெரியாத அளவுக்கு நீளம்.

இது சின்ன விஷயமில்லை. 2019–21ல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 6 மாதம் முதல் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் இந்திய அளவில் 67.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 57.4 சதவீதம். அதாவது இரண்டு பிள்ளைகளில் ஒரு பிள்ளைக்கு மேல்.

கம்ப்யூட்டர் விளையாட்டால் செய்ய முடிந்த ஒரு காரியம், அந்த நீளத் திரியைக் குட்டையாக்குவதுதான். மூன்று மாதத்தை மூன்று நிமிடத்தில் காட்டிவிடலாம். கண்ணுக்குத் தெரியாத புழு முட்டையைப் பெரிதாக்கிக் காட்டலாம். பிள்ளை தோற்றாலும் உடம்புக்கு ஒன்றும் ஆகாது, மறுபடி முதலிலிருந்து ஆடிப் பார்க்கலாம். கரும்பலகையிலும் சுவரொட்டியிலும் இது கிடைக்காது.

பரமபதமும் ஆடுபுலியும்

விளையாட்டில் பாடம் வைப்பது வெள்ளைக்காரன் கண்டுபிடித்ததல்ல. வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண்விழித்து ஆடும் பரமபத சோபான படத்தில் ஒவ்வொரு ஏணியும் ஒரு புண்ணியம், ஒவ்வொரு பாம்பும் ஒரு பாவம். இந்தியாவில் இப்படி ஆடிய ஆட்டம்தான் 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்குப் போய் 'பாம்பும் ஏணியும்' ஆனது.

ஆனால் பரமபதத்தில் ஒரு குறை இருக்கிறது. நாம் பாம்பிடம் போவதும் ஏணியில் ஏறுவதும் தாயக்கட்டை கையில். நான் நல்லது செய்ததால் ஏறவில்லை, ஆறு விழுந்ததால் ஏறினேன். ஆகவே ஆடுகிற பிள்ளைக்குப் பாவ புண்ணியத்தின் பெயர்கள் தெரியவரும், நடத்தை வராது.

ஆடுபுலி ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் தாயக்கட்டை கிடையாது. எந்த ஆட்டை எங்கே வைப்பது என்பதை நாமே யோசித்து முடிவெடுக்கிறோம். தப்பாக வைத்தால் புலி தாவி வெட்டிவிடும். ஏன் வெட்டுப்பட்டோம் என்று நமக்கே தெரியும். அடுத்த ஆட்டத்தில் அந்த இடத்தில் வைக்க மாட்டோம்.

ஆரோக்கிய விளையாட்டு ஆடுபுலி வகையைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். பிள்ளை கற்றுக்கொள்வது விளையாட்டில் எழுதியிருக்கும் புத்திமதியை அல்ல, அதன் விதியைத்தான். திரையில் 'கை கழுவுவீர்' என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டு, கை கழுவாமலே ஜெயிக்கலாம் என்று விதி இருந்தால், பிள்ளை கற்றுக்கொள்வது 'கழுவாமலும் ஜெயிக்கலாம்' என்பதைத்தான்.

வெளிநாட்டில் செய்து பார்த்தவை

அமெரிக்காவில் 1990களில் 'பேக்கி அண்ட் மார்லன்' என்று ஒரு வீடியோ கேம் வந்தது. சர்க்கரை நோய் உள்ள இரண்டு யானைக் குட்டிகள் கோடை முகாமுக்குப் போகின்றன. ஆடுகிற பிள்ளை அவற்றுக்கு ரத்தத்தில் சர்க்கரை பார்க்க வேண்டும், சரியான அளவு இன்சுலின் போட வேண்டும், சாப்பாட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தப்பினால் யானைக்குட்டி சோர்ந்துவிடும்.

இதைச் சர்க்கரை நோய் உள்ள 8 முதல் 16 வயது வரையிலான 59 பிள்ளைகளிடம் சோதித்தார்கள். ஒரு பகுதியினருக்கு இந்த விளையாட்டு, மற்றவர்களுக்கு நோயோடு சம்பந்தமில்லாத வேறு விளையாட்டு. 6 மாதம் வீட்டிலேயே வைத்து ஆடினார்கள். 1997ல் வெளியான முடிவின்படி, யானை விளையாட்டு ஆடியவர்கள் சர்க்கரைக் கோளாறுக்காக அவசரமாக டாக்டரிடம் ஓடுவது 77 சதவீதம் குறைந்தது.

அடுத்தது 2006ல் வந்த 'ரீ-மிஷன்'. புற்றுநோய் வந்த இளைஞர்களுக்கானது. ராக்ஸி என்ற குட்டி ரோபோ நோயாளியின் உடம்புக்குள்ளேயே போய்ப் புற்றுநோய்ச் செல்களைச் சுடும். 2008ல் இதன் சோதனை முடிவு வெளியானது. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் 34 மருத்துவ மையங்கள், 13 முதல் 29 வயது வரை 375 பேர். இதை ஆடியவர்கள் மாத்திரையை ஒழுங்காக எடுத்துக்கொண்டார்கள், நோயைப் பற்றிய அறிவும் கூடியது. ஆனால் அவர்களின் மனஅழுத்தம் போன்றவற்றில் குறிப்பிடும்படி மாற்றம் இல்லை. விளையாட்டுக்குள் எது விதியாக இருந்ததோ, அதில்தான் பலன் கிடைத்தது.

நம் நாட்டில் செய்து பார்த்தவை

டெல்லியைச் சேர்ந்த இஸட்.எம்.க்யூ. என்ற சாப்ட்வேர் நிறுவனம் 2005 டிசம்பர் 1, உலக எய்ட்ஸ் தினத்தன்று, எய்ட்ஸ் விழிப்புணர்வுக்கான செல்போன் விளையாட்டுகளை வெளியிட்டது. அதில் ஒன்றின் பெயர் 'சேஃப்டி கிரிக்கெட்'. நோய் பரவும் வழிகளும் காக்கும் வழிகளும் பந்தாக வரும். ஒருவருக்குப் போட்ட ஊசி, சோதிக்காத ரத்தம் மாதிரிப் பந்து வந்தால் அவுட். காக்கும் வழியாக வந்தால் ரன்.

இது பெரிய பிள்ளைகளுக்கானது என்றாலும் நமக்கு இதில் இரண்டு பாடம் இருக்கிறது. ஒன்று, கம்ப்யூட்டர் இல்லாத வீட்டிலும் செல்போன் இருக்கும் என்று கணக்குப் போட்டார்கள். இரண்டு, இந்தியாவில் யாருக்கும் விளக்க வேண்டியில்லாத கிரிக்கெட்டை எடுத்துக்கொண்டார்கள். ஆட்டத்தைச் சொல்லித்தரும் நேரம் மிச்சம்.

இன்னொன்று ஆரோக்கியம் பற்றியதல்ல, கணக்குப் பாடம் பற்றியது. குஜராத்தில் வதோதரா நகர மாநகராட்சிப் பள்ளிகளில் 'பிரதம்' அமைப்பு 2002 முதல் 2004 வரை ஒரு திட்டம் நடத்தியது. நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாரம் 2 மணி நேரம் கம்ப்யூட்டரில் கணக்கு விளையாட்டு. ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர். பின்னால் 2019ல் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் மற்ற இரு ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து இதை அளந்து 2007ல் வெளியிட்டார்கள். கணக்கு மார்க் நன்றாக உயர்ந்தது. மொழிப் பாடத்தில் மாற்றம் இல்லை. திட்டம் முடிந்து ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது, கூடிய கணக்கு மார்க்கிலும் பெரும்பகுதி கரைந்துபோயிருந்தது.

ஆக, கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர் உட்கார்ந்தாலும் பலன் வரும். அதே சமயம் ஒருநாள் கூத்தாக நடத்திவிட்டு விட்டுவிட்டால் பலன் நிற்காது.

நம் பிள்ளைகளுக்கு எது பாடம்?

வெளிநாட்டு ஆரோக்கிய விளையாட்டுகளில் பீட்சாவும் பர்கரும் வில்லனாக வரும். சிவகாசிப் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைக்கு அது யார் வீட்டுக் கதையோ! நம் திரையில் வர வேண்டியது விருதுநகர் பரோட்டா, சாத்தூர் சேவு, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா. அவற்றையும் ராட்சசனாகக் காட்ட வேண்டாம். என்றைக்காவது சாப்பிட்டால் சந்தோஷம், தினமும் அதுவே என்றால் பலம் குறையும். இதை விதியாக வைத்தால் போதும்.

நம் வட்டாரத்துக்கு முக்கியமான பாடங்கள் என்று நான் நினைப்பவை நாலு.

1. ரத்தசோகை. முருங்கைக்கீரை, கம்பு, கேழ்வரகு, முட்டை, பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் இரும்புச்சத்து மாத்திரை. கீரையோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தால் இரும்புச்சத்து நன்றாக உடம்பில் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் சேராது.

2. வயிற்றுப் பூச்சி. ஒருவகை முட்டை அழுக்குக் கை வழியாக வயிற்றுக்குள் போகிறது. கொக்கிப்புழு வெறுங்கால் தோலைத் துளைத்து உள்ளே போய் ரத்தத்தை உறிஞ்சுகிறது. ஆக, செருப்புக்கும் ரத்தசோகைக்கும் சம்பந்தம் உண்டு.

3. பவுடர். வேலைவிட்டு வரும் அப்பா, அம்மா உடுப்பிலும் கையிலும் அலுமினியப் பவுடரும் கந்தகமும் ஒட்டியிருக்கும். குளித்து, உடுப்பு மாற்றிய பிறகு பிள்ளையைத் தூக்க வேண்டும், சாப்பாட்டைத் தொட வேண்டும். வேலைத் துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும்.

4. தீக்காயம். வெடிக்காத பட்டாசை எட்டிப் பார்க்கக் கூடாது, குப்பையில் கிடக்கும் பட்டாசுக் கழிவை எடுத்து விளையாடக் கூடாது. சுட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் பத்து இருபது நிமிடம் காட்ட வேண்டும். இங்க், பேஸ்ட், மாவு எதையும் தடவக் கூடாது. ஒட்டிய துணியைப் பிய்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இங்கே ஒரு மொழிச் சிக்கலையும் சொல்ல வேண்டும். மற்ற ஊர்களில் மருந்து என்றால் நோய் தீர்ப்பது. நம் ஊரில் மருந்து என்றால் வெடிப்பதும் மருந்துதான். 'மருந்தைத் தொடாதே' என்பதும் 'மருந்து சாப்பிடு' என்பதும் ஒரே விளையாட்டில் வந்தால் சின்னப் பிள்ளை என்ன செய்யும்? ஆகவே சாப்பிடுவதை 'மாத்திரை', 'டானிக்' என்றும், பயர் ஆபீஸில் இருப்பதை 'வெடி மருந்து' என்றும் பிரித்துச் சொல்ல வேண்டும். சென்னையில் உட்கார்ந்து எழுதுகிறவருக்கு இது தோன்றாது. நமக்குத் தோன்றும்.

எழுத்தையும் குறைக்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். மாத்திரை அட்டையை நிறம் பார்த்தும், பஸ்ஸை போர்டில் இருக்கும் முதல் எழுத்தின் சாடை பார்த்தும் அடையாளம் வைத்துக்கொள்கிறவர்களை வீட்டிலேயே பார்த்து வளர்ந்திருக்கிறேன். படமும் சத்தமும் சரியாக இருந்தால், பிள்ளை ஆடுவதைப் பக்கத்திலிருந்து பார்க்கும் பாட்டிக்கும் விஷயம் போய்ச் சேரும்.

விளையாட்டை எழுதுவது எப்படி?

அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனம் 2007ல் வெளியிட்ட 'ஸ்கிராட்ச்' என்ற இலவச மென்பொருள் இதற்குப் போதும். ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் இன்டர்நெட் இல்லாமலும் ஓடும். 2019ல் வந்த நம் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்திலேயே ஸ்கிராட்ச் பற்றிப் பாடம் இருந்தது. கட்டங்களை அடுக்குவது மாதிரி கட்டளைகளை அடுக்கினால் புரோகிராம் தயார்.

உதாரணத்துக்கு வயிற்றுப் பூச்சிப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். 'பலம்', 'பூச்சி', 'நாள்' என்று மூன்று வேரியபிள்கள்.

தொடக்கத்தில்: பலம் = 50, பூச்சி = 0, நாள் = 1.
ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும்: பலத்தோடு 3 கூட்டு.
கை கழுவாமல் சாப்பிட்டால்: பூச்சியோடு 1 கூட்டு.
நாள் முடியும்போது: பள்ளி, விளையாட்டு, வீட்டு வேலைக்காகப் பலத்தில் 6 கழி. பிறகு பூச்சி எத்தனையோ அதையும் கழி.
பூச்சி மாத்திரை சாப்பிட்டால்: பூச்சி = 0.

இப்போது கணக்கைப் பாருங்கள். மூன்று வேளையும் கை கழுவிச் சாப்பிட்ட பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 9 வரவு, 6 செலவு. ஐந்து நாள் முடிவில் பலம் 65. கழுவாமல் சாப்பிட்ட பிள்ளைக்கு முதல் நாள் முடிவில் பலம் 50. ஆரம்பித்த இடத்திலேயே இருக்கிறது, ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் நாள் 47, மூன்றாம் நாள் 41, நாலாம் நாள் 32, ஐந்தாம் நாள் 20. சாப்பாடு இரண்டு பேருக்கும் ஒன்றுதான். வித்தியாசம் பூச்சி.

இது விளையாட்டுக்கான கணக்குதான், டாக்டர் கணக்கல்ல. ஆனால் உண்மையின் போக்கு இதில் இருக்கிறது. முதலில் ஒன்றும் தெரியாது, பிறகு சரசரவென்று இறங்கும். 'நல்லாத்தானே சாப்பிடுறான், ஏன் தேற மாட்டேங்கிறான்?' என்ற கேள்விக்குப் பதிலை யாரும் சொல்லாமல் பிள்ளையே கண்டுபிடிக்கும். மாத்திரை போட்டுவிட்டு மறுபடி கை கழுவாமல் சாப்பிட்டால் மறுபடி பூச்சி ஏறும். மாத்திரையும் வேண்டும், சோப்பும் வேண்டும் என்பது விதியிலேயே வந்துவிடுகிறது.

பேப்பரில் முதலில்

கம்ப்யூட்டரில் ஏற்றுமுன் பேப்பரில் வரைந்து ஆடவிட்டுப் பார்ப்பது நல்லது. இந்த விளையாட்டை அட்டையில் வரைந்து எங்கள் தெருப் பிள்ளைகள் நாலு பேரை ஆடச் சொன்னேன். பலத்துக்குப் புளியங்கொட்டை, பூச்சிக்குக் கூழாங்கல். மூன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு பிள்ளை நாலு வேளை ஒழுங்காகக் கை கழுவிவிட்டு ஐந்தாவது வேளை நிறுத்திவிட்டது. ஏன் என்று கேட்டேன்.

"யக்கா, குடத்துல தண்ணி இம்புட்டுத்தான் இருக்கும். எல்லாத்தையும் கைக்கே ஊத்திட்டா ராத்திரி சோறு பொங்க என்ன செய்ய?"

அட்டையில் நான் குடம் எதுவும் வரையவில்லை. அந்தப் பிள்ளை தன் வீட்டுக் குடத்தை விளையாட்டுக்குள் கொண்டுவந்துவிட்டது. தண்ணீர் முறை வைத்து வரும் தெருவில் கை கழுவாததற்குக் காரணம் அறியாமை மட்டுமல்ல. அதுவும் ஒரு கணக்குதான்.

ஆகவே நாலாவதாக 'தண்ணீர்' என்ற வேரியபிளும் வேண்டும். ஒரு தடவை கை கழுவ ஒரு செம்பு. குடம் காலியானால் சமையல் நின்றுபோகும். அதே விளையாட்டில் ஒரு வழியும் வைக்க வேண்டும். மூடியில் ஆணியால் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பாட்டிலைக் கயிறு கட்டித் தொங்கவிட்டால் தண்ணீர் மெல்லிசாக விழும், ஒரு செம்பில் நாலு பேர் கழுவலாம். பக்கத்தில் ஒரு சோப்புத் துண்டு. விளையாட்டில் அந்தப் பாட்டிலைச் செய்தவனுக்குத் தண்ணீர் செலவு கால்வாசி. விளையாட்டு முடிந்ததும் பிள்ளை அதை வீட்டில் நிஜமாகவே செய்து பார்க்கலாம், காசு செலவில்லை.

கவனிக்க வேண்டியவை

1. பயமுறுத்தக் கூடாது. தீக்காயப் பாடத்தில் காயத்தைக் காட்ட வேண்டியதில்லை. நம் ஊரில் அந்தக் காட்சியை வீட்டிலேயே கண்ட பிள்ளைகள் இருப்பார்கள்.

2. இல்லாததற்குப் பிள்ளையைக் குற்றம் சொல்லக் கூடாது. ஆப்பிள் வாங்காததால் தோற்றாய் என்று விதி இருந்தால் அது ஏழைப் பிள்ளையை அவமானப்படுத்துவது. நெல்லிக்காயாலும் ஜெயிக்க வேண்டும்.

3. விளையாட்டு முடிய வேண்டும். 5 வயது முதல் 17 வயது வரை உள்ளவர்கள் தினமும் சராசரியாக 60 நிமிடமாவது ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆரோக்கிய விளையாட்டை உட்கார்ந்தே இரண்டு மணி நேரம் ஆடினால் அது கேலிக்கூத்து. பத்து நிமிடத்தில் முடிந்து, 'வெளியே போய் ஒரு சுற்று ஓடி வா' என்று நின்றுவிட வேண்டும். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலம் 2006ல் தன் 765 அரசுப் பள்ளிகளுக்கும் ஒரு நடன வீடியோ கேம் தருவதாக அறிவித்தது. திரையில் வரும் அம்புக்குறிக்கு ஏற்பக் காலால் மிதித்து ஆடுவது. உட்கார்ந்து ஆட முடியாது.

4. பலனை அளக்க வேண்டும். 'பிள்ளைகள் ரசித்தார்கள்' என்பது அளவு அல்ல. இதற்கு ஒரு மலிவான வழி உண்டு. ஒரு பள்ளிக்குப் புது சோப்பு எடைபோட்டுக் கொடுத்து, இரண்டு வாரம் கழித்து மறுபடி எடைபோட வேண்டும். விளையாட்டுக்கு முன் இரண்டு வாரம் எவ்வளவு கரைந்தது, பின் இரண்டு வாரம் எவ்வளவு கரைந்தது? வதோதரா அனுபவத்தை நினைத்து, மூன்று மாதம் கழித்தும் ஒருமுறை பார்க்க வேண்டும். சோப்பு பொய் சொல்லாது.

புத்திமதி மட்டும் போதாது

விளையாட்டால் ஆகாததும் உண்டு. குழாயில் தண்ணீர் வராத ஊரில் கை கழுவும் விளையாட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அரைப் பலன்தான். நம் விருதுநகரில் பிறந்த காமராஜர், முதலமைச்சராக இருந்தபோது, 'பசியோடு இருந்தாலும் படி' என்று பிள்ளைகளுக்குப் புத்திமதி சொல்லிக்கொண்டிருக்கவில்லை. 1956ல் மதிய உணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தார். 1982ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 2022 செப்டம்பர் 15ல் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது.

நம் பட்டாசு, தீப்பெட்டி ஊர்களுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் பதில் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போன காலம் இருந்தது. சிவகாசியை முன்வைத்துத் தொடர்ந்த வழக்கில்தான் உச்சநீதிமன்றம் 1996 டிசம்பர் 10ல், பிள்ளையை ஆபத்தான வேலைக்கு வைத்த முதலாளி ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்பு சொன்னது. சட்டமும் சாப்பாடும் சேர்ந்து பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவந்திருக்கின்றன. வந்த பிள்ளை சோர்ந்து தூங்காமல் உட்கார்ந்து படிக்க ரத்தம் வேண்டும். அதற்குத்தான் சோப்பு, செருப்பு, கீரை, மாத்திரை எல்லாம். அவற்றைப் பிள்ளை தானாகவே விரும்பிச் செய்ய வைக்கும் வேலை மட்டும்தான் விளையாட்டுக்கு. அது சின்ன வேலைதான், ஆனால் வேறு யாரும் அதைச் சரியாகச் செய்து முடிக்கவில்லை.

மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள்

1922ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். அடுத்த வருடமே இங்கே தொழில் தொடங்கியது. தொழிலை வெளியூரில் கற்றார்கள், இங்குள்ள வெயிலுக்கும் ஆளுக்கும் தக்கபடி இங்கே நடத்தினார்கள். விளையாட்டு மென்பொருளையும் நாம் அப்படிச் செய்யலாம்.

நம் லேப் சனிக்கிழமை மதியத்துக்கு மேல் சும்மா இருக்கிறது. கம்ப்யூட்டர் பிரிவு மாணவர்கள் புரோகிராம் எழுதட்டும். நன்றாக வரைகிறவர்கள் எல்லாப் பிரிவிலும் இருக்கிறார்கள், அவர்கள் படம் போடட்டும். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் அக்காவிடம் விஷயம் சரியா என்று கேட்டுக்கொள்வோம். நாட்டு நலப்பணித் திட்ட முகாம் போகும் கிராமத்துப் பள்ளியில் ஓட்டிப் பார்ப்போம். செலவு என்று பார்த்தால் எடை போட்டுக் கொடுக்கும் சோப்புக் கட்டிகள்தான்.

வருகிற கல்வியாண்டில் ஒரு பாடம், ஒரு பள்ளி என்று தொடங்கினால் போதும். முதல் பாடமாக வயிற்றுப் பூச்சியை வைத்துக்கொள்ளலாம். அட்டையில் வரைந்த விளையாட்டு என்னிடம் தயாராக இருக்கிறது. குடமும் வரைந்தாயிற்று. சேர விரும்புகிறவர்கள் இரண்டாம் ஆண்டு கம்ப்யூட்டர் வகுப்பில் வந்து பெயர் கொடுக்கலாம்.